எஃகில் பதிந்த எழுத்து



பழம்பொருள் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் நினைவிற்கு வருவன கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் பழங்காசுமே. அவற்றில் எழுத்து உண்டு. ஆதலால் அவை பேசும். மனிதன் மனிதனைக் கொல்வதற்கென்றே செய்த ஒரு கைத்துப்பாக்கியும் அவ்வாறு படித்துப் பொருள் காணத் தக்கதாகுமோ? ஓராண்டுக்கு முன்பு இவ்வினாவை யாரேனும் என்னிடம் கேட்டிருந்தால், ஆகாது என்றே விடை கூறியிருப்பேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். எந்தத் துப்பாக்கியையும் கையால் தொட்டவன் அல்லன், இன்றளவும் தொட்டதில்லை. இருந்தும் சென்ற சில திங்கள்களாக ஒரு ஜெர்மானியக் கைத்துப்பாக்கியின் உடம்பிலுள்ள எழுத்துகளை, நிழற்படங்களில், பூதக்கண்ணாடி கொண்டு படித்து வந்தேன்.

அதற்குக் காரணம் என் பழைய மாணவர் ஒருவர். அமெரிக்காவில் பொறியாளராக இருக்கிறார். அவர் எழுதினார்: "ஐயா, என் அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி தனியே வாழ்கிறார். அவருடைய மாமனார் 1945ஆம் ஆண்டில் போர்முனையிலிருந்து திரும்பியபோது ஒரு கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தாராம். அது ஒரு ஜெர்மன் தளபதியிடமிருந்து கைப்பற்றியது என்பது அக்குடும்பத்தில் வழங்கும் செய்தி. மூதாட்டிக்கு இப்போது வீட்டின் கூரையைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும். கடைக்காரர் ஒருவர் ஒரு சிறு தொகை சொல்லிப் போயிருக்கிறார். மூதாட்டியின் தமக்கை மகனோ, தேய்த்து மெருகிட்டுப் புதுக் கருநிறம் ஏற்றினால் கூடுதல் விலைக்குப் போகும் என்கிறார். தாங்கள் வகுப்பில் சொன்ன காசுக் கதை என் நினைவிற்கு வந்தது. அது இதற்கும் பொருந்துமா?"

அந்தக் காசுக் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெருமை தருவது அன்று. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், பள்ளிப் பொருட்காட்சிக்காக ஒரு சிறுவன் தன் பாட்டனார் நிலத்தில் ஏர் உழும்போது கிடைத்த செப்புக்காசு ஒன்றைக் கொண்டுவந்தான். பச்சைக் களிம்பு ஏறி, ஒன்றும் தெரியாமல் இருந்தது. நான் என்ன செய்தேன்? புளியும் சாம்பலும் இட்டு, குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் அரைமணி நேரம் துலக்கினேன். காசு பளபளவென்று மின்னிற்று. சிறுவன் மகிழ்ந்தான்; நானும் மகிழ்ந்தேன். பொருட்காட்சியைக் காண வந்த காசு ஆராய்ச்சியாளர் ஒருவர் அதைக் கையில் எடுத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இதில் எழுத்து இருந்ததே, எங்கே?" என்றார். களிம்போடு எழுத்தும் போய்விட்டது. அந்தச் சிறுவனுக்கு என்ன சொல்வதென்று அன்று எனக்குத் தெரியவில்லை. ஆகையால் மாணவரின் கடிதம் கண்டவுடனே, "தம்பி, யாரும் அதன்மேல் துணிகொண்டும் தேய்க்க வேண்டா. முதலில் துப்பாக்கியை அறிந்த ஒருவரைக்கொண்டு உள்ளே தோட்டா இல்லை என்பதை உறுதி செய்க. பிறகு எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்புக" என்று எழுதினேன்.

படங்கள் வந்தன. சாய்ந்த பிடி, மெல்லிய குழல், மேலே இருபுறமும் உருண்டைக் குமிழ்கள். படைக்கருவி அறியாதவரும் திரைப்படங்களில் கண்டிருக்கக்கூடிய உருவம். உலகம் இதனை 'லூகர்' என்று அழைக்கிறது. ஜெர்மானியப் படையில் இதன் பெயர் 'பிஸ்டல் 08' என்பதே. 1908ஆம் ஆண்டில் தரைப்படை ஏற்றுக்கொண்டதால் அப்பெயர்.

இதன் தந்தை ஒருவர், பாட்டனார் ஒருவர் என்று சொல்லலாம். பாட்டனார் ஹ்யூகோ போர்ஷார்ட். 1893இல் தாமே தோட்டா மாற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி ஒன்றை வகுத்தவர். அது நன்கு இயங்கிற்று. ஆனால் பருமனானது, கைக்கு அடங்காதது. அதனைச் சுருக்கிச் செப்பம் செய்தவர் ஆஸ்திரிய நாட்டுத் திரோல் பகுதியில் 1849இல் பிறந்த கேயார்க் லூகர். 1900இல் சுவிட்சர்லாந்துப் படை இதனை முதலில் ஏற்றது. 1904இல் ஜெர்மன் கடற்படை ஏற்றது. நம் சென்னைமீது 1914 செப்டம்பர் 22ஆம் நாளிரவு குண்டு வீசிய எம்டன் கப்பல் அக்கடற்படையைச் சேர்ந்ததே. அக்கப்பலின் பெயர் நம் வீட்டுப் பேச்சில் இன்னும் எவ்வாறு வழங்குகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இதன் பொறியமைப்பு மிக அழகானது. உங்கள் முழங்காலை எண்ணிப் பாருங்கள். கால் நேராக நிற்கும்போது தலைமேல் மூட்டையைத் தாங்கலாம். யாரேனும் பின்னால் வந்து முழங்காலின் மடிப்பில் மெல்லத் தட்டினால் போதும், மடங்கி விழுவோம். லூகரின் பின்புறத்திலும் ஒரு முழங்கால் மூட்டு உண்டு. வெடிக்கும் கணத்தில் அது நேராக நின்று பேரழுத்தத்தைத் தாங்குகிறது. குழலும் மூட்டும் சேர்ந்து சிறிது பின்வாங்கியதும், அக்குமிழ்கள் சட்டத்தின் சரிவில் மோதி மேலெழ, மூட்டு மடங்குகிறது. வெற்றுக்கூடு வெளியே தெறிக்கிறது. வில்லின் விசையால் மூட்டு மீண்டும் நிமிரும்போது அடுத்த தோட்டா உள்ளே செல்கிறது. இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடைபெற வேண்டுமாயின் ஒவ்வோர் உறுப்பும் மற்றோர் உறுப்புடன் மயிரிழையும் பிசகாமல் பொருந்த வேண்டும். அக்காலத்தில் அப்பொருத்தத்தைத் தேர்ந்த தொழிலாளர் கையால் செய்தனர். ஆகவே ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் கலந்துவிடாதபடி எல்லா உறுப்புகளிலும் எண் பொறித்தனர். பெரிய உறுப்புகளில் முழு எண். சிறியவற்றில் அதன் கடைசி இரண்டு இலக்கங்கள்.

தொழிற்சாலையின் வசதிக்காகப் பொறித்த அந்த எண்களே இன்று மதிப்பீட்டின் உயிர்நாடி ஆகிவிட்டன. எல்லா எண்களும் ஒத்திருந்தால், அத்துப்பாக்கி பிறந்த வடிவில் இருக்கிறது என்று கொள்கிறோம். ஓரிரண்டு மாறியிருந்தாலும் விலை பாதியாகக் குறைவதுண்டு. எண்ணைமட்டும் கொண்டு ஆண்டைச் சொல்லிவிடவும் முடியாது. நான்கு இலக்கம் முடிந்ததும் ஒரு சிறிய எழுத்தைச் சேர்த்து மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் ஆண்டு பிறந்ததும் கணக்கே புதிதாகத் தொடங்கும். ஆகவே ஒரே எண்ணும் ஒரே எழுத்தும் உடைய துப்பாக்கிகள் பல இருக்கக்கூடும். செய்தவர் யார், ஆண்டு யாது, எண் யாது என்னும் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஊர்ப்பெயரின்றி முருகன் என்றுமட்டும் முகவரி எழுதினால் கடிதம் போய்ச் சேருமா?

செய்தவரை அறிய மூட்டின் மேற்பகுதியைப் பார்க்க வேண்டும். பெர்லின் நிறுவனம் தன் பெயரின் முதலெழுத்துகளாகிய டி, டபிள்யூ, எம் என்பவற்றைக் கொடிபோல் பின்னிப் பொறித்தது. எர்ஃபுர்ட் நகரத்து அரசுப் படைக்கலச்சாலை ஒரு முடியும், அதன்கீழ் ஊர்ப்பெயரும் இட்டது. குழலின் அடியில் '8,82' என்பதுபோல் ஓர் எண் இருக்கும். அது குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். ஜெர்மானியர் தசமப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுவர் என்பதை அறியாதவர் அதனை வேறு ஏதோ இரகசிய எண் என்று மயங்குவர். இடப்பக்கத்தில் காவல் நெம்புகோலைத் தாழ்த்தினால் 'கெசிஷர்ட்' என்ற சொல் தெரியும். 'காக்கப்பட்டது' என்பது பொருள். குழலறையில் தோட்டா இருந்தால் மேலே ஒரு சிறு தகடு எழும்பி 'கெலாடன்', அதாவது 'நிரப்பப்பட்டது' என்று காட்டும்.

மூதாட்டியின் துப்பாக்கியில் கொடிப்பின்னலும் இல்லை, முடியும் இல்லை. மூட்டின்மேல் 'எஸ்/42' என்று மட்டும் இருந்தது. குழலறையின்மேல், ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில், 'ஜி' என்னும் ஒற்றை எழுத்து. என் மாணவர், "ஐயா, ஆண்டே இல்லையே, போலியோ?" என்று கேட்டிருந்தார். மாணவர்களே, இந்த ஓரெழுத்துக்குள் ஒரு நாட்டின் பொய் அடங்கியிருக்கிறது.

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி 1919இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. அதன்படி படைவீரர் தொகை ஓரிலட்சத்திற்கு மேற்படலாகாது. படைக்கலம் செய்வதும் வெற்றி பெற்ற நாடுகள் குறித்த சாலைகளில் மட்டுமே நடைபெற வேண்டும். இதனால் பழைய துப்பாக்கிகளையே பழுதுபார்த்துப் பயன்படுத்தினர். 1920ஆம் ஆண்டில் அரசுடைமை என்பதற்கு அறிகுறியாக அவ்வாண்டையும் பொறித்தனர். இக்காரணத்தால் 1917 என்றும் 1920 என்றும் இரண்டு ஆண்டுகள் தாங்கிய துப்பாக்கிகள் கிடைக்கின்றன. அவை போலியல்ல, இருமுறை பணிக்கு வந்தவை. 1930இல் லூகர் செய்யும் இயந்திரங்கள் பெர்லினிலிருந்து நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ன்டோர்ஃப் என்னும் ஊருக்கு, மௌசர் தொழிற்சாலைக்குச் சென்றன. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மறைவாகப் படை பெருக்கும் வேலை விரைவுபெற்றது. தொழிற்சாலையின் பெயரையும் ஆண்டையும் வெளிப்படையாகப் பொறித்தால், அத்துப்பாக்கி அயலார் கையில் அகப்படும் நாளில் உடன்படிக்கை மீறப்பட்டதற்கு அதுவே சான்றாகிவிடும் அல்லவா? ஆதலின் மௌசருக்கு 'எஸ்/42' என்ற மறைபெயர் இட்டனர். 1934ஆம் ஆண்டிற்கு 'கே' என்றும் 1935ஆம் ஆண்டிற்கு 'ஜி' என்றும் எழுத்து வைத்தனர். 1935 மார்ச் 16ஆம் நாள் ஹிட்லர் கட்டாயப் படைச்சேவையை வெளிப்படையாக அறிவித்து உடன்படிக்கையைத் தூக்கியெறிந்தார். பின்னர் ஆண்டை மறைக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. 1936 முதல் நான்கு இலக்கமும் வெளிப்படையாகவே வந்துவிட்டன. திருட்டுத்தனம் நாணத்தை விட்ட ஆண்டு எது என்பதை இரும்பே சொல்கிறது.

இவ்விடத்தில் இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். வெர்சேல்ஸ் உடன்படிக்கைக்குப் பின்னர் படைக்குக் கைத்துப்பாக்கி வழங்க அனுமதி பெற்ற நிறுவனம், தூரிங்கியாவிலுள்ள சூல் நகரத்துச் சிம்சன் நிறுவனம். அதன் முத்திரை உடைய லூகர்கள் மிகக் குறைவு. ஆகையால் சேகரிப்போர் பெருவிலை கொடுக்கின்றனர். சிம்சன் குடும்பத்தினர் யூதர்கள். மாநிலத்தை ஆண்ட நாஜித் தலைவர் ஃபிரிட்ஸ் சௌக்கெல் அவர்கள்மீது குற்றம் சாட்டி, ஆர்தர் சிம்சனைச் சிறையிலிட்டு, தொழிற்சாலையை இழப்பீடின்றிப் பறித்துக்கொண்டார். குடும்பத்தார் நாட்டைவிட்டு வெளியேறினர். இது நிகழ்ந்தது 1935, 1936ஆம் ஆண்டுகளில்; அதாவது, அந்த 'ஜி' எழுத்துப் பொறிக்கப்பட்ட அதே காலத்தில். விலைப்பட்டியலில் 'அரிது' என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகிறார்கள். அரிதானதன் காரணத்தையும், அப்பெயரை உடையவர்களுக்கு நேர்ந்ததையும் பட்டியல் சொல்வதில்லை.

மூதாட்டியின் துப்பாக்கிக்கு வருவோம். குண்டுக்கூட்டின் அடியில், அலுமினியக் குமிழில், துப்பாக்கியின் எண்ணும் அதனருகே ஒரு சிறு சிலுவையும் இருந்தன. இறந்துபோன ஜெர்மானிய வீரனுக்காக மாமனார் அச்சிலுவையை வெட்டினார் என்று குடும்பத்தார் நம்பி வந்தனராம். மூதாட்டி அதனை மிகவும் மதித்தாராம். அது சிலுவை அன்று, கூட்டற்குறி. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இரண்டு குண்டுக்கூடுகள் கொடுப்பார்கள். கூடுதலானதற்கு அடையாளமாகக் கூட்டற்குறி இடுவார்கள். இதை எழுதும்போது என் கை சிறிது தயங்கிற்று. ஆயினும் எழுதினேன். தளபதிக் கதையும் அவ்வாறே நிற்கவில்லை. பிஸ்டல் 08 பெரும்பாலும் படைப்பிரிவின் சிறு அலுவலருக்கும் இயந்திரத் துப்பாக்கி இயக்குவோருக்கும் வழங்கப்பட்டது. தளபதிகள் பலர் வைத்திருந்தவை இதனினும் சிறியவை.

கதைகள் இரண்டும் போயின, எஞ்சியது என்ன? எண்கள் அனைத்தும் ஒத்திருந்தன. நிறமும் ஒத்திருந்தது. இந்த நிறத்தைப் பற்றி வேதியியல் பயிலும் மாணவர்களுக்கு ஒரு சொல். மெருகிட்ட எஃகைச் சூடாக்கினால் அதன்மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகும். ஏறத்தாழ 230 பாகை செல்சியசில் அப்படலம் வைக்கோல் நிறம் காட்டும்; 300 பாகையை நெருங்கும்போது நீலமாகும். படலத்தின் தடிப்பு மாற மாற நிறம் மாறுகிறது. பழைய லூகர்களில் விசை, காவல் நெம்புகோல் முதலிய சிறு உறுப்புகள் வைக்கோல் நிறமாகவும், உடல் கருநீலமாகவும் இருக்கும். 1937ஆம் ஆண்டையொட்டி அவ்வழக்கத்தைக் கைவிட்டு எல்லாவற்றையும் உப்புக்கரைசலில் இட்டுக் கறுப்பாக்கினர். ஆகவே 1935ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் விசை கறுத்திருந்தால், பின்னர் எவரோ நிறம் ஏற்றிவிட்டார் என்று ஐயுற வேண்டும். இத்துப்பாக்கியின் விசையில், தேய்ந்த இடம் நீங்கலாக, வைக்கோல் நிறம் அப்படியே இருந்தது. தமக்கை மகனின் யோசனைப்படி செய்திருந்தால் ஒரே நாளில் அது போயிருக்கும். எழுத்துகளின் கூர்விளிம்பும் மழுங்கியிருக்கும். என் செப்புக்காசின் கதிதான்.

மாற்றிப் பொய்யாக்குவோரும் உண்டு. சாதாரண லூகரின் குழல் 100 மில்லிமீட்டர் நீளம், கடற்படைக்குரியது 150, பீரங்கிப்படைக்குரியது 200. நீளக்குழல் உடையவை அரியன என்பதால் சிலர் சாதாரணத் துப்பாக்கியில் நீண்ட குழலைப் பூட்டி விற்பர். ஆனால் கடற்படைத் துப்பாக்கியின் பின்மூட்டில் 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் மாற்றக்கூடிய குறிநோக்கி இருக்கும். பீரங்கிப்படையினதில் குழலின்மேலேயே 800 மீட்டர்வரை அளவிட்ட குறிநோக்கி இருக்கும். ஒரு கைத்துப்பாக்கியால் 800 மீட்டர் தொலைவில் எதனைக் குறிபார்த்து அடிக்க எண்ணினார்களோ! குழலை மாற்றியவர் இவற்றையும் மாற்ற மறந்துவிடுவார். பொய் எப்போதும் ஓரிடத்தில் வேலையை மிச்சப்படுத்தும்.

லூகர்களில் மிக அரிதானது எது என்று நீங்கள் கேட்கலாம். 1907இல் அமெரிக்கப் படையின் தேர்வுக்காக .45 அங்குல அளவில் ஒருசில செய்தார்கள். அவற்றுள் ஒன்று 2010இல் அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இதைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு லூகரும் புதையல் என்று எண்ண வேண்டா. இருபது இலட்சத்தை எட்டும் எண்ணிக்கையில் செய்யப்பட்ட பொருள் அது. மூதாட்டியினது நடுத்தரமான ஒன்று.

அதன் மதிப்பை உயர்த்தியது துப்பாக்கியே அன்று, ஒரு தாள். மாணவருக்கு, "மாமனாரின் பெட்டியில் படைத்துறைக் காகிதம் ஏதேனும் உண்டா என்று தேடச் சொல்லுக" என்று எழுதியிருந்தேன். போர்முனையில் கைப்பற்றிய பொருளை ஊருக்குக் கொண்டுசெல்ல அமெரிக்க வீரர்களுக்கு மேலதிகாரி கையொப்பமிட்ட சான்றுச்சீட்டுக் கொடுப்பது அக்கால வழக்கம். திருமண வாழ்த்து அட்டைகளுக்கிடையே நான்காக மடித்த சீட்டு ஒன்று கிடைத்தது. வீரனின் பெயர், படைப்பிரிவு, நாள், 'ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒன்று' என்னும் சொற்கள், அதன்கீழே எண். எழுத்தும் எண்ணும் துப்பாக்கியில் உள்ளவையே. தளபதி இல்லை, சிலுவை இல்லை, ஆனால் இன்ன மனிதர், இன்ன ஆண்டில், இந்தத் துப்பாக்கியைத்தான் கொண்டுவந்தார் என்பது உறுதியாயிற்று. கதையாக இருந்தபோது எவரும் அதற்கு ஒரு டாலரும் கூடுதலாகக் கொடுத்திருக்க மாட்டார்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சட்டத்தில் 1898ஆம் ஆண்டோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கியே பழம்பொருள் எனப்படும். ஆகவே இது அங்கே முறையாகப் பதிவுபெற்ற வணிகர் வழியாகவே கைம்மாறிற்று. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இதனினும் கடுமையானது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். பழையது, பாட்டனார் காலத்தது என்பதால் மட்டும் விலக்குக் கிடைத்துவிடாது. உங்களுள் எவரேனும் பழைய பரணில் இத்தகைய பொருளைக் கண்டால், அதனைத் தொடாமல் பெரியவர்களிடம் கூறுங்கள்; அவர்கள் காவல் நிலையத்திற்குத் தெரிவிக்கட்டும். குண்டுக்கூட்டைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறுமையாகிவிட்டது என்று நம்பி உயிரிழந்தோர் உண்டு. குழலறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். அது எண்பது ஆண்டு காத்திருந்தாலும் காத்திருக்கும்.

சென்ற திங்கள் மாணவரிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது. துப்பாக்கியும் சீட்டும் ஒன்றாகவே ஏலத்தில் விற்கப்பட்டனவாம். கடைக்காரர் முதலில் சொன்ன தொகையைப்போல் நான்கு மடங்கிற்கும் மேல் கிடைத்ததாம். கூட்டற்குறியைப் பற்றி அவர் மூதாட்டிக்குச் சொன்னபோது, சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்படியானால் இன்னொரு குண்டுக்கூடு யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டாராம். சீட்டின் படி ஒன்றை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். கூரை வேலை மழைக்கு முன்பே முடிந்துவிட்டது என்று மாணவர் எழுதியிருக்கிறார்.